பிடிக்கலைன்னு சொல்லிருங்க

2023 ஜூன் 9, வெள்ளி

சினிமாக்காரர்கள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி என்று ஒன்றுவிடாமல் செல்போனில் படம் பிடித்தார்கள். டைரக்டர் பெயர் இளம்பரிதி, சென்னை. தாடியை எடுத்துவிட்டால் நான் இன்சூரன்ஸ் பாலிசி போடும்போது வயதுச் சான்று கேட்பேன், அவ்வளவு சின்ன முகம். கதாநாயகன் பெண் பார்க்க வருகிற வீடாக எங்கள் வீடு நடிக்கப் போகிறதாம். அம்பாசமுத்திரத்தில் இத்தனை வீடு இருக்க இது எதற்கு என்று கேட்டேன்.

"இங்கதான்க்கா நிஜமாவே பொண்ணு பார்த்த மாதிரி ஒரு களை இருக்கு" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா, "ஏழு தடவ பாத்தாச்சுய்யா, களைக்கு என்ன கொறச்சல்" என்றாள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. காது கேட்காது என்று பெயர். கேட்க வேண்டியது எல்லாம் கேட்கும்.

கடைவீதி பிரமநாயகம் அண்ணாச்சிக்கு பிரீமியம் தேதி நாளையோடு முடிகிறது. காலையில் போன் செய்ய வேண்டும்.

2023 ஜூன் 12, திங்கள்

கதையைச் சொன்னார்கள். எங்கள் ஊர் அம்பையில் ஒரு பையன். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவனுக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை, ஆண்கள் மேல்தான். இதை வீட்டில் சொல்ல முடியாமல் அவன் படுகிற பாடுதான் படம். காமெடி. பெயர் 'மாப்பிள்ளைக்கு என்ன குறை'.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன் போல. இளம்பரிதி என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"இது என் கதைதான்க்கா. எங்கம்மா ரெண்டு வருஷம் எங்கிட்ட பேசல. அப்புறம் ஒருநாள் போன் பண்ணி சாப்டியான்னு கேட்டாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. சிரிக்காம இந்தக் கதைய என்னால சொல்ல முடியாது. ஆனா அவனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டாங்க, சுத்தி இருக்கிறவங்களப் பார்த்துதான் சிரிப்பாங்க."

பிள்ளைமேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. ராத்திரிக்கு நாலு தோசை சுட்டுக் கொடுத்தேன்.

2023 ஜூன் 15, வியாழன்

இன்று முதல் எனக்கும் உத்தியோகம். ஒத்திகையில் கதாநாயகனுக்கு அம்மாவாக வருகிறவள் "என்னலே சொல்லுதீக" என்றாள். மரியாதையில்லாத 'லே' போட்டுவிட்டு மரியாதைக்கு ஒரு 'தீக'வா என்று அடுக்களையிலிருந்தே கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இளம்பரிதி வசனக் கட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டார். "முழுசையும் பார்த்துக் குடுங்கக்கா. டைட்டில்ல உங்க பேர் போடறேன்."

இருபத்திரண்டு வருஷமாக ஊரில் எல்லார் வீட்டு நடையிலும் உட்கார்ந்து பேசிப் பேசி பாலிசி பிடிக்கிறவள் நான். இந்த ஊர்ப் பேச்சு எனக்குத் தெரியாதா? பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

2023 ஜூன் 19, திங்கள்

சாரல் பிடித்துவிட்டது. கொடியில் போட்ட துணி காயவில்லை.

படத்துக்கு நாற்காலி, ஜமக்காளம், பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு எல்லாம் வாடகைக்கு வேண்டுமாம். ஊரில் இருப்பது ஒரே ஒரு நல்ல வாடகைப் பாத்திரக் கடை. சிவசைலத்தின் கடை. அம்மாதான் கூச்சல் போட்டாள். "அந்த ஓடுகாலிப் பய சாமான் என் நடையில ஏறக் கூடாது!"

இளம்பரிதி திருதிருவென்று விழித்தார். அதனால் சொல்ல வேண்டியதாயிற்று. 1997-இல் எனக்கு இருபத்துநாலு வயது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து சிவசைலம் என்னைப் பெண் பார்த்து, நிச்சயம் ஆகி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் பம்பாய்க்குப் போய்விட்டார். அங்கே ஒருத்தி இருந்தாள் என்று ஊரில் சொன்னார்கள். அம்மா கல்லிடைக்குப் போய் அவர்கள் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அவருடைய அய்யா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பா காலில் விழுந்தார். அய்யா சாகும்வரை மகன் முகத்தில் விழிக்கவில்லை. அய்யா போன பிறகு, தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவர், இங்கே கடை போட்டார். அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பதின்மூன்று வருஷமாக ஒரே ஊரில் இருக்கிறோம். எங்கள் கடைவீதியில் நான் பாலிசி போடாத ஒரே கடை அது.

"ஐயோ, சாரிக்கா" என்றார் இளம்பரிதி. ஊரில் எல்லாரும் சொல்வதுதான். எனக்குப் பழக்கம்.

சாமான்கள் கொல்லை வாசல் வழியாக வரட்டும் என்று அம்மாவைச் சமாதானம் செய்தேன்.

2023 ஜூன் 22, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். நல்ல காரியம்தான் என்று நினைக்கிறேன்.

படத்தில் முக்கியமான கட்டம் வந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், "பிள்ளைங்க ரெண்டும் அஞ்சு நிமிஷம் தனியாப் பேசட்டும்" என்று அனுப்புவார்களே, அந்த அஞ்சு நிமிஷத்தில் பையன் முதன்முதலாக உண்மையைச் சொல்கிறான். அம்மாவிடம் இல்லை, அய்யாவிடம் இல்லை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம். எழுதியிருந்த வசனம்: "நான் ஒரு தன்பாலின ஈர்ப்பாளன்."

கலெக்டர் ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது என்றேன். இளம்பரிதி தலையைச் சொறிந்தார். "அப்ப இந்த ஊர்ப் பையன் எப்படித்தான்க்கா சொல்வான்?"

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது என்று ஆரம்பித்தேன். பார்க்க வந்தவன் கையில் கேசரித் தட்டு இருந்தது, கீழே வைக்க இடம் தெரியாமல் அதைப் பிடித்தபடியே பேசினான், நெய் மணிக்கட்டில் வழிந்தது என்றேன். அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"உங்க மேல ஒரு கொறையும் இல்ல. எனக்கு மனசு ஆம்பளையாளுங்க பக்கந்தான் போவுது. சின்னதுலருந்தே அப்படித்தான். நீங்க பிடிக்கலைன்னு சொல்லிருங்க. நான் சொன்னா எங்கய்யா என்னய வெட்டிப் போட்டுருவாரு. நீங்க சொன்னா, தோள்ல கையப் போட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. கேசரி நல்லாருக்கு."

இளம்பரிதி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேசரி நல்லாருக்கு! இத யாராலயும் எழுத முடியாதுக்கா. அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"பிடிக்கலைன்னு சொல்லிட்டா. வேற என்ன சொல்லுவா?" என்றேன்.

2023 ஜூலை 3, திங்கள்

அந்தக் கட்டத்தை இன்று எடுத்தார்கள். எங்கள் இரண்டாம் கட்டில், ஜன்னலோரம். எனக்கு மானிட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காதில் மாட்டிக் கேட்கக் கொடுத்தார்கள்.

கேசரி நான் கிண்டியது. மூன்றாவது டேக் முடிந்ததும் தட்டில் புதுக் கேசரி வைக்கக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே கதவை ஒட்டி சிவசைலம் நின்றார். குறைந்துபோன நாலு நாற்காலியைக் கொண்டுவந்திருக்கிறார். 'டேக் போகுது, அசையாதீங்க' என்று யாரோ சொல்லி அவரை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் கேசரியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பதினோரு டேக். ஒவ்வொரு டேக்கிலும் அந்தப் பையன் நெய் வழிகிற கையோடு "கேசரி நல்லாருக்கு" என்று முடிப்பான். லைட்பாய்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். ஏழாவதிலோ எட்டாவதிலோ இளம்பரிதி என்னைப் பார்த்து, "சரியா வருதாக்கா?" என்றார்.

சரியாக வரவில்லை. பையன் 'ஆம்பளையாளுங்க' என்ற இடத்தில் அழுத்திச் சொன்னான். அது அப்படிச் சொன்னதில்லை. போகிற போக்கில், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி, தரையைப் பார்த்துச் சொன்னது. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். நான் எழுந்துபோய் அந்தப் பையனுக்கு அதைச் சொல்லிக் காட்டினேன். அதே குரலில். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார் என்று தெரிந்துதான் சொல்லிக் காட்டினேன்.

பதினோராவது ஓகே ஆனதும் எல்லாரும் கைதட்டினார்கள். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். நாலு நாற்காலியும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சாமான் சீட்டில் கையெழுத்துக்கூட வாங்காமல் போய்விட்டார்.

2023 ஜூலை 4, செவ்வாய்

தலைவலி. யார் வீட்டுக்கும் போகவில்லை.

2023 ஜூலை 9, ஞாயிறு

சினிமாக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். வீடு கழுவினேன். ஜன்னலோரத்தில் எறும்பு அப்பியிருந்தது. நெய் சிந்திய இடம்.

இந்த நோட்டில் நான் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். 22-ஆம் தேதி பக்கத்தில். இளம்பரிதியிடம் சொன்னது போகட்டும், அவர் சினிமாவுக்குக் கேட்டார். என் நோட்டில் 'எனக்குத் தெரிந்த ஒரு பெண்' என்று எதற்கு எழுதினேன்?

சிவசைலம் எனக்கு நாலாவதாக வந்தவர். அதற்கு முன் வந்த மூன்று பேரும் என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். ஒருவன் நிறம் என்றான், ஒருவன் உயரம், ஒருவன் காரணமே சொல்லவில்லை. நாலாவதாக இவர் வந்தார். காவி நிறக் கட்டம் போட்ட சட்டை. பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. தனியாகப் பேச அனுப்பினார்கள். அஞ்சு நிமிஷத்தில் அத்தனையையும் சொல்லி, பிடிக்கலைன்னு சொல்லிருங்க என்று கெஞ்சினார். நான் தலையை ஆட்டினேன். சரி என்றுதான் ஆட்டினேன்.

அவர் முன்கட்டுக்குப் போனார். அம்மா வந்து, "என்னட்டீ, பிடிச்சிருக்கா?" என்றாள்.

பிடிச்சிருக்கு என்றேன்.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஊரில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற மருந்து அதுதானே. இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மூன்று பேர் வேண்டாம் என்று சொன்ன பிறகு, வேண்டும் என்று சொல்லும் உரிமை ஒருதடவையாவது எனக்கு வேண்டியிருந்தது. முன்கட்டில் குலவையிட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஓடிப்போன பிறகு ஊர் என்னைத் தாங்கியது. ஏமாற்றப்பட்ட பெண் என்று எந்த வீட்டிலும் எனக்கு முதலில் காப்பி வரும். ஏஜென்ட் வேலை கிடைத்ததும், இத்தனை பேர் பாலிசி போட்டதும் அந்த இரக்கத்தில்தான். பிறகு வந்த மூன்று பேரைப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அந்த வார்த்தை அப்போது சுலபமாக வந்தது.

'அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை' என்று ஒருநாள் ஒருவரிடம் சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அய்யா உயிரோடு இருந்தபோது பன்னிரண்டு வருஷம் அதற்கு நேரம் இருந்தது.

2024 பிப்ரவரி 9, வெள்ளி

படம் வந்துவிட்டது. தெருவே தியேட்டருக்குக் கிளம்பியது. அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிப் போனேன். டைட்டிலில் 'வட்டார மொழி: அ. சங்கரவடிவு' என்று வந்ததும் விசிலடித்தார்கள்.

சிரித்துச் சிரித்துச் சனத்துக்கு வயிறு புண்ணாகிவிட்டது. கேசரிக் கட்டத்தில் தியேட்டர் இடிந்துவிடும் போலிருந்தது. ஆனால் அந்தப் பெண் வெளியே வந்து, "எனக்குப் பிடிக்கலை" என்று சொன்னதும் கைதட்டினார்களே, அப்போது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா என் தொடையில் தட்டி, "நல்ல பிள்ள" என்றாள்.

வெளியே லோக்கல் சேனல்காரன் மைக்கை நீட்டினான். "இப்படியெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமாக்கா?" நான் சொன்னேன், "நடக்குமாவா? அந்தக் கேசரி சீன் நம்ம அம்பையிலயே நெசமா நடந்தது. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது; அவசரமாக அம்மாவை ஆட்டோவில் ஏற்றினேன்.

2024 பிப்ரவரி 12, திங்கள்

ஊர் முழுக்க ஒரே விளையாட்டு, யார் அந்தப் பையன்? மிட்டாய்க் கடை இரண்டாவது மகன் என்கிறார்கள். பழைய பேங்க் கேஷியர் என்கிறார்கள். பிரமநாயகம் அண்ணாச்சி என்னைக் கடையில் உட்கார வைத்து, "எங்கிட்ட மட்டும் சொல்லு வடிவு" என்றார். அவர் வாய்க்குள் போனால் தென்காசிவரை போகும். தெரியாது என்றேன்.

சிவசைலம் பேரை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அவர்தான் பெண்ணுக்காக ஓடியவராயிற்றே.

2024 பிப்ரவரி 19, திங்கள்

போய்விட்டேன். காலை பத்தரை மணிக்கு, கடைவீதியில் நாலு பேர் பார்க்கத்தான் போனேன்.

அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க. என்ன விசேஷம், எத்தன பேருக்குச் சமையல்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. உங்ககிட்ட பேசணும்."

ஆரம்பிக்கத் தெரியாமல் கரண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே பேசினார்.

"படம் பாத்தேன். நாலு தரம்."

"என்னய மன்னிச்..."

"இருங்க. அந்தப் பிள்ள பிடிக்கலைன்னு சொன்னதும் அவனும் அவங்கய்யாவும் பஸ் ஸ்டாப்புல நிப்பாங்கள்லா. அய்யா தோள்ல கையப் போட்டு, 'போட்டும்ல, வேற எடம் பாப்போம். வா, ஒரு காப்பியக் குடிச்சுட்டுப் போவோம்'ங்காரு. அந்த எடத்துக்காவத்தான் நாலு தரமும் போனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "தலைய ஆட்டுனியளே. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னிய? நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு இத்தன வருஷமா யோசிச்சுட்டேன். நான் பேசுன பேச்சுல ஆத்திரப்பட்டு, பழிவாங்கச் சொன்னியளா?"

"பழியும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

துண்டை மடித்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார். "அது எனக்குத் தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

"நான் ஊர்ல சொல்லிருதேன்" என்றேன். "நீங்க வேண்டாம்னு முன்னாலயே சொல்லிட்டிய, நாந்தான் கேக்கலன்னு ஒவ்வொரு வீடா ஏறிச் சொல்லிருதேன். உங்களுக்கு இனி அந்தப் பேரு வேண்டாம்."

அவர் சிரித்தார். "போன வருசம் சொல்லிருந்தியன்னா சரி. ஏதோ பிடிக்கல, சொன்னான், போனான்னு விட்டுருப்பாவ. இப்பச் சொன்னா? பொண்ணு பாக்க வந்த எடத்துல பிடிக்கலைன்னு சொல்லச் சொன்னவன் யாருன்னுதான் ஊரே தேடிட்டிருக்கு. நீங்கதானே மைக்குல சொன்னிய, நம்மூர்ல நடந்ததுன்னு? மறுநாளே கேசரித் தட்டத் தூக்கி எங்கையில குடுத்துருவாவ."

அண்டாவை ஓரமாக நகர்த்திவிட்டு மேலே சொன்னார்.

"பொம்பளக் கிறுக்குப் பிடிச்சு ஓடுனவன். அந்தப் பேரு இருக்குறவரைக்கும் எம்பக்கம் யாரும் திரும்ப மாட்டாவ. அதுக்குள்ளயே இருந்துக்கிடுதேன். எனக்கு அம்பத்தஞ்சாவுது, இனிமே போயி இந்த ஊருக்கு வெளக்கம் சொல்லிட்டுத் திரிய முடியாது. சொல்லணும்னா அத நாந்தான் சொல்லணும். நீங்க இல்ல."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "பம்பாயில நான் நல்லாத்தான் இருந்தேன். கூட ஒருத்தர் இருந்தாரு. அதையும் நீங்க தெரிஞ்சுக்கிடணும்" என்றார்.

அந்த ஒருத்தரின் பெயரைக் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

2024 பிப்ரவரி 20, புதன்... இல்லை, செவ்வாய்

கிழமைகூடச் சரியாக ஓடவில்லை. மாவு அரைத்தேன். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கினேன்.

உண்மையைச் சொல்லக் கூடாது, சரி. அவரைப் பற்றி ஊர் கெட்டது பேசும்போது நான் சும்மா இருக்காமல் இருக்கலாம் அல்லவா? 'நல்ல மனுஷன்' என்று சொல்ல எவன் உத்தரவு வேண்டும்? நாளையிலிருந்து அதையாவது செய்யப் போகிறேன்.

2024 மார்ச் 5, செவ்வாய்

இரண்டு வாரத்தில் மூன்று பேரிடம் சொன்னேன். முதலில் அம்மாவிடம். "அவர் மேல தப்பு இல்லம்மா, விட்ரு" என்றேன். அம்மா என் கன்னத்தைத் தடவி, "தெய்வம்ட்டீ நீ" என்று அழுதாள். அடுத்துச் சொன்னது பிரமநாயகம் அண்ணாச்சியிடம்; அவர் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் பெருந்தன்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

இன்று ராஜம்மா டீச்சர் வீட்டுக்குப் போனேன். பேச்சு எப்படியோ அங்கே வந்தது. "அந்தச் சண்டாளன் இன்னும் கட வச்சிருக்கானா?" என்றாள்.

"அப்படிச் சொல்லாதிய டீச்சர். அவரு நல்ல மனுஷன். நல்லவங்கள்லயே நல்லவரு. பாவம் எல்லாம் எம்மேலதான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டாள். "ஏட்டீ, இங்க வா. கேட்டியா இவ சொல்லுதத? வாழ்க்கையவே கெடுத்தவன நல்லவன்ங்கா, பாவத்தத் தம்மேல போட்டுக்கிடுதா. இவ மனசு யாருக்கு வரும்? பொம்பளைன்னா இப்படி இருக்கணும்."

மருமகள் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பேத்தி பேரில் புதிதாக ஒரு பாலிசி போட வேண்டும், உன் கையால்தான் போட வேண்டும் என்றாள்.

படிவத்தை அங்கேயே பூர்த்தி செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.